அடுப்படி சுவரை உடைக்கிறதா வேணாமா

எங்க வீடு பினாங்கு குளுகோர்ல, 1980கள்ல கட்டின ரெண்டு மாடி டெரஸ் வீடு, அதாவது வரிசையா ஒட்டி ஒட்டி இருக்கற வீடு. ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடுவுல இருக்கற சுவரைப் பத்திதான் ரெண்டு மாசமா வீட்ல பேச்சு. போன தீபாவளிக்கு வீடு நிறைய ஆளுங்க, எல்லாரும் ஹால்ல உக்காந்து பேசிச் சிரிக்கறாங்க, அம்மா மட்டும் காலைல இருந்து அந்தச் சுவருக்குப் பின்னாடியே நின்னு வடை சுட்டுக்கிட்டு, "யாரு வந்திருக்கா?"ன்னு அங்கருந்தே சத்தம் போட்டுக் கேக்கறாங்க, அது என்னால தாங்க முடியல.

கான்ட்ராக்டர் ஒருத்தர் வந்தாரு, ரெண்டு தட்டு தட்டிட்டு "வெறும் செங்கல்தான்மா, ஒரே நாள்ல உடைச்சிரலாம்"னு சொல்லிட்டாரு. எனக்கு மனசு ஒப்பல. ஏன்னா அந்தச் சுவருக்கு நேர் மேல மாடில பாத்ரூம் சுவரு நிக்குது. கதவு நிலைகிட்ட டேப் வச்சு அளந்தா அஞ்சரை இஞ்ச், அதாவது நாலரை இஞ்ச் கல்லு, ரெண்டு பக்கமும் பூச்சு. ஆனா மெல்லிசா இருக்குன்னு சொல்லி அது பாரம் தாங்கலன்னு முடிவு பண்ணிரக் கூடாது, தட்டிப் பாத்தும் கண்டுபிடிக்க முடியாது.

அப்புறம் காசு போனா போவுதுன்னு ஒரு ஸ்ட்ரக்சரல் இன்ஜினியரை வரச் சொன்னோம். அவரு முதல்ல கேட்டதே வீட்டு பிளான்தான். தூண் எங்கெங்க இருக்குன்னு பாத்தாரு, காலண்டரைக் கழட்டிட்டு சீலிங் ஓரமா கொஞ்சூண்டு பூச்சைக் கொத்தினாரு, உள்ள சாம்பல் கலர்ல கான்கிரீட் பீம். மேல இருக்கற பாரம் பீம்ல இறங்கி தூணுக்குப் போயிருது, கீழ இருக்கற சுவரு சும்மா தடுப்புதான், எடுக்கலாம்னாரு. இது எங்க வீட்டுக்கு மட்டும்தான், பக்கத்து வீட்ல உடைச்சாங்கன்னு பாத்து யாரும் உடைச்சிராதீங்க. இப்ப வர்ற புது வீடு, காண்டோ மாதிரி அடுக்குமாடியில பல இடத்துல சுவரையே கான்கிரீட்டா வார்த்து அதுதான் மாடியையே தாங்குது, அதுல கையே வைக்கக் கூடாது. உடைக்கறதுக்கு முன்னாடி பினாங்கு தீவு மாநகர் மன்றத்துல பெர்மிட் விஷயம் கேட்டுக்கணும், காண்டோன்னா மேனேஜ்மென்ட்லயும்.

எடுக்கலாம்னு தெரிஞ்சதும் எனக்கு ஒரே சந்தோஷம், அம்மாதான் அந்தச் சுவரைக் காட்டினாங்க. காலண்டர் இருந்த இடம் மட்டும் வெள்ளையா சதுரமா இருக்கு, சுத்திலும் மஞ்சளா எண்ணெய்ப் பிசுக்கு. "இதெல்லாம் இனிமே உன் சோபாவுலயும் சாமி படத்துலயும்தான் போய் ஒட்டும்"னாங்க. உண்மைதானே, பிளாச்சான், அதான் அரைச்ச இறால் விழுது, அதை வறுத்து சம்பல் கிண்டினா அடுப்புக்கு மேல புகை இழுக்கற எந்த ஹூட் போட்டும் அந்த வாசம் முழுசா அடங்காது.

அதனால முழுசா எடுக்கல. மேடை உயரத்துக்கு மேல நாலடி அகலம் மட்டும் வெட்டி, மேல இருக்கற கல்லைத் தாங்க லின்டல் போட்டு, இழுத்து மூடற மாதிரி கண்ணாடி. பிரிட்ஜ் பிளக்கோட வயர் அந்த இடத்துலதான் ஓடுது, அதை முதல்ல மாத்தணும். அம்மா நிக்கற இடத்துல ஸ்டூல் போட்டு உக்கார வச்சுப் பாத்தேன், வாசல் கதவு வரைக்கும் நேரா தெரியும்.