அம்மாவின் முழங்காலும் வேலியோர முடக்கத்தானும்

ஐப்பசி மழை பெய்து முடிந்தால் போதும், வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு வேலி முழுக்க முடக்கத்தான் ஏறிவிடும். ஊதிய காய் பழுத்துக் காய்ந்ததும் பிரித்தால் மூன்று கறுப்பு விதை, ஒவ்வொன்றிலும் இதய வடிவில் ஒரு வெள்ளைப் பொட்டு. அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். அந்தச் சீசனில் வாரம் தவறாமல் முடக்கத்தான் தோசைதான். புழுங்கலரிசி, கொஞ்சம் வெந்தயம், கைப்பிடி இலை, எல்லாம் சேர்த்து அரைத்து மெல்லிசாக வார்ப்பார். லேசான கசப்பு இருக்கும். பூண்டுச் சட்னியோடு அது தெரியாது.

நான் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். அதனால் "இந்த இலையில இன்னாதான் இருக்குது?" என்று அம்மா கேட்டால், சும்மா தலையாட்டிவிட்டுப் போக எனக்கு மனசு வராது.

அடிபட்ட இடத்திலும் தேய்ந்த இடத்திலும் நம் செல்கள் அராகிடோனிக் அமிலம் என்ற கொழுப்பிலிருந்து புரோஸ்டாகிளாண்டின்கள் என்ற வேதிப்பொருள்களைத் தயாரிக்கின்றன. சிவப்பது, வீங்குவது, வலிப்பது எல்லாவற்றிலும் அவற்றுக்குப் பங்கு உண்டு. ஆஸ்பிரின் இந்தத் தயாரிப்பைத்தான் தடுக்கிறது என்று பிரிட்டிஷ் மருந்தியலாளர் ஜான் வேன் 1971-இல் காட்டினார், 1982-இல் நோபல் பரிசும் பெற்றார். அந்த ஆஸ்பிரினுக்கு முன்னோடி வில்லோ மரப்பட்டையில் இருக்கும் சாலிசின். ஆக, செடியில் வலிக்கு மருந்து இருக்குமா என்ற கேள்விக்கு எப்போதோ விடை கிடைத்துவிட்டது. நான் பார்ப்பது அதை எப்படிப் பக்குவப்படுத்துகிறோம், எவ்வளவு சேர்க்கிறோம் என்பதைத்தான்.

சுக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பச்சை இஞ்சியின் காரம் ஜிஞ்சரால். இஞ்சி காயும்போது அந்த மூலக்கூறிலிருந்து ஒரு நீர் மூலக்கூறு கழன்று ஷோகால் ஆகிறது. இதற்குக் காரம் இன்னும் அதிகம். ஆய்வகச் சோதனைகளில் அழற்சியை, அதாவது மேலே சொன்ன சிவப்பு, வீக்கம், வலியைத் தணிப்பதிலும் இது ஜிஞ்சராலை மிஞ்சுகிறது. காய்ச்சலுக்கும் மூட்டுவலிக்கும் நம் வீடுகளில் இஞ்சியை விட்டுவிட்டுச் சுக்கைத் தட்டிப் போடுவதைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே சிலிர்க்கும். வெயிலில் காயப்போட்ட அந்தக் கிழவிகள் செய்தது ஒரு வேதிவினை.

மஞ்சளும் மிளகும் அப்படித்தான். மஞ்சளில் இருக்கும் குர்குமின் அழற்சி மரபணுக்களை முடுக்கிவிடும் என்எஃப்-கப்பா-பி என்ற புரதத்தை அடக்குகிறது. ஆனால் தனியாகச் சாப்பிட்டால் ரத்தத்துக்கு மிகக் குறைவாகத்தான் போய்ச் சேரும். 2 கிராம் குர்குமினோடு மிளகின் பைபெரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தால் உறிஞ்சப்படும் அளவு 20 மடங்கு உயர்வதை 1998-இல் பெங்களூர் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பாலில் மஞ்சளோடு மிளகைத் தட்டிப் போடுவதற்கு இதைவிட என்ன காரணம் வேண்டும்?

சரி, அளவுக்கு வருவோம். இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். தாய்லாந்தில் முழங்கால் தேய்மானம் உள்ள 367 பேரிடம் நடத்திய ஆய்வு 2014-இல் வெளிவந்தது. நான்கு வாரம் தினமும் 1,500 மில்லிகிராம் மஞ்சள் சாரம் எடுத்தவர்களுக்கும் 1,200 மில்லிகிராம் ஐபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரை எடுத்தவர்களுக்கும் வலி கிட்டத்தட்ட ஒரே அளவில் குறைந்திருந்தது. நல்ல சேதிதான். ஆனால் அது செறிவூட்டிய சாரம். சமையல் மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். ஒரு டீஸ்பூன், அதாவது மூன்று கிராம் தூளில், 90 மில்லிகிராம் தேறும். சாம்பாரில் போடும் சிட்டிகையை மாத்திரைக்கு ஈடாகச் சொல்வது நியாயமில்லை. அதற்காகக் கண்ட கேப்சூலையும் வாங்கி விழுங்கவும் கூடாது. செறிவான மஞ்சள் கேப்சூலால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. பைபெரின் வேறு பல மருந்துகள் உடம்பில் சிதைவதையும் தாமதப்படுத்தும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் இதைத் தொடவே வேண்டாம்.

முடக்கத்தானுக்கும் நொச்சிக்கும் இருக்கும் ஆதாரம் பெரும்பாலும் செல்களிலும் எலிகளிலும் செய்த சோதனைகளிலிருந்து வந்ததுதான். நொச்சியில் காஸ்டிசின் என்ற ஃபிளாவனாய்டு (செடிகளில் இருக்கும் ஒரு வகைச் சேர்மம்) இருக்கிறது. அம்மாவுக்கு நொச்சி ஒத்தடம் கொடுத்தால் அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்குகிறார். அதில் வெந்நீரின் சூட்டுக்கும் பங்கு உண்டு, இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் தேய்மானம் வேறு, முடக்குவாதம் வேறு. முடக்குவாதத்தில் நம் எதிர்ப்பு சக்தியே மூட்டை அரிக்கிறது. எங்கள் தெருவில் ஓர் அக்கா மாத்திரையை நிறுத்திவிட்டுக் கஷாயம் மட்டும் குடித்தார். இன்று அவரால் புடவைக் கொசுவம் பிடிக்க முடியவில்லை. அதை நினைத்தால் வயிறு எரிகிறது. தோசை சாப்பிடுங்கள், மாத்திரையையும் விடாதீர்கள்.

இன்னொன்று நம்ம ஊருக்கே உரியது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரை முழுக்கத் தோல் தொழிற்சாலைகள். அவற்றின் கழிவு வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. தோல் பதனிடும் குரோமியம் மண்ணில் இறங்கினால் அங்கே வளரும் செடியிலும் ஏறும். கரையோரம் நொச்சி எவ்வளவு செழிப்பாக நின்றாலும் அங்கே பறிக்காதீர்கள். முடக்கத்தானை ஒரு தொட்டியில் போட்டு மொட்டைமாடிக் கம்பியில் ஏற்றிவிடுங்கள். விதை வேண்டுமென்றால் காய் பழுப்பாகிக் காய்ந்த பிறகு எடுங்கள், பச்சையில் எடுத்தால் முளைக்காது.