ஷிராஸும் மிளகுக் கறியும்

ஆஸ்திரேலியாவில் அடிலெய்டில் இருக்கும் அத்தான் இந்த முறை ஊருக்கு வரும்போது, அங்கே பக்கத்திலிருக்கும் பரோசா பள்ளத்தாக்கின் ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின் இரண்டு பாட்டில் கொண்டுவந்தார். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் ஒயின் என்றாலே கிறிஸ்துமஸ் ஒயின்தான். கறுப்புத் திராட்சை, சீனி, கொஞ்சம் கோதுமை எல்லாம் போட்டுப் பரணியில் ஊறவைத்து, கேக்கோடு சின்ன டம்ளரில் தருவார்களே, அந்த இனிப்புதான் எல்லோர் நாக்கிலும் இருக்கிறது. அதை நினைத்துக்கொண்டு மாமா ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னடே இது, பாக்கை மென்ன மாதிரி வாயெல்லாம் இழுக்கு?" என்றார்.

இதைவிடச் சரியாக யாரும் சொல்ல முடியாது. பாக்கிலும் நாவப்பழத்திலும் இருக்கிற அதே துவர்ப்புதான் இது, டானின் என்பார்கள். சிவப்பு ஒயினைத் தோலோடும் விதையோடும் சேர்த்தே புளிக்க விடுகிறார்கள், நிறமும் துவர்ப்பும் அங்கிருந்துதான் இறங்குகின்றன. இந்த டானின் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்ளும், அதனால் வாயின் வழுவழுப்பு போய் நாக்கு காய்ந்துவிடும். வாயில் கறியும் கொழுப்பும் இருந்தால் அதையும் பிடித்துக்கொள்ளும், இழுப்பு குறையும். ஆக, அழுத்தமான சிவப்பு ஒயினை வெறும் வாயில் குடித்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று யாரும் முடிவு கட்டக்கூடாது.

முதல் நாள் நாங்கள் செய்ததெல்லாம் தப்பு. பாட்டிலை அலமாரியிலிருந்து எடுத்து அப்படியே திறந்துவிட்டோம். அறை வெப்பநிலையில் குடிக்கலாம் என்று எழுதுகிறவர்களின் அறை வேறு, நம்ம ஊர் மே மாத அறை வேறு! பதினாலு சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள ஒயின் அந்தச் சூட்டில் பழ வாசத்தைக் காட்டாது, மூக்கில் சுருக்கென்று ஏறும். அப்புறம் ஃபிரிட்ஜில் அரைமணி நேரத்துக்கு மேலேயே வைத்து எடுத்தோம். 16 முதல் 18 டிகிரி வரை இருந்தால் போதும். அதற்குப் பிறகுதான் நாவப்பழ வாசமே வெளியே வந்தது.

அன்றைக்குச் சாப்பாடு உவரி மீன் குழம்பு. வேண்டவே வேண்டாம். சிவப்பு ஒயினில் இருக்கும் இரும்புச்சத்து மீனோடு சேர்ந்தால் வாயில் ஒரு கவிச்சை தங்கிவிடும், குழம்பின் மிளகாய்க் காரத்தை ஆல்கஹால் இன்னும் கிளறிவிடும். சொதிக்கும் இது ஒத்துவராது, தேங்காய்ப்பாலின் மென்மையை அமுக்கிவிடும். அல்வாவைத் தின்றுவிட்டுக் குடித்தால் ஒயின் புளிப்பும் கசப்புமாகத் தெரியும்.

மறுநாள் அக்கா மேலப்பாளையத்தில் ஆட்டுக்கறி வாங்கிவரச் சொன்னாள், கொஞ்சம் கொழுப்போடு. சின்ன வெங்காயத்தை நல்லெண்ணெயில் வதக்கி, வற்றலை இரண்டோடு நிறுத்திக்கொண்டு, மிளகை மட்டும் தாராளமாக அம்மியில் கொரகொரவென்று தட்டிப் போட்டுச் சுக்காவாகச் சுருட்டினாள். நான் கிளாஸை ஒரு தடவை முகர்ந்தேன், அம்மியை ஒரு தடவை முகர்ந்தேன், மறுபடி கிளாஸ். ஒரே வாசம்! பிரமை இல்லை. ஷிராஸில் வரும் மிளகு வாசத்துக்குக் காரணம் ரோட்டண்டோன் என்ற பொருள், மிளகிலும் அதேதான் இருக்கிறது என்று ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் 2008இல் கண்டுபிடித்தார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இந்த வாசம் தெரியாதாம். அக்காவுக்கு ஒயினில் மிளகே தெரியவில்லை, "பழந்தான் மணக்கு" என்று கடைசி வரை சாதித்தாள்.

சுக்கா ஒரு வாய், ஒயின் ஒரு வாய். கறியின் கொழுப்பில் துவர்ப்பு அடங்கி, மிளகு மேலே எழும்பி, விழுங்கின பிறகும் கொஞ்ச நேரம் தொண்டையில் நின்றது. மாமா ஒன்றும் சொல்லவில்லை, கிளாஸை மட்டும் நீட்டினார்.

அத்தான் அப்போதுதான் அந்த ஊர்க் கதை சொன்னார். ஷிராஸ், பிரான்ஸிலிருந்து போன திராட்சைக் கொடி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஃபிலோக்சரா பூச்சி ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களை அழித்தது, ஆனால் தெற்கு ஆஸ்திரேலியாவை அது தொடவே இல்லை, அதனால் பரோசாவில் 1843இல் நட்ட ஷிராஸ் கொடி இன்னும் காய்க்கிறது. நூற்றெண்பது வருஷத்துக்கு மேல்! எனக்கு அதைக் கேட்டபோது உடம்பு சிலிர்த்தது.

இரண்டாவது பாட்டில் ஃபிரிட்ஜின் அடித்தட்டில் படுத்திருக்கிறது, இந்த வெயிலில் வெளியே வைத்தால் கெட்டுவிடும். ஞாயிற்றுக்கிழமைக்கு மாமா நாட்டுக்கோழி சொல்லிவைத்திருக்கிறார், பிரானூர் பார்டர் கடைகளில் போடுகிற மாதிரி மிளகுக் கோழி செய்யவேண்டுமாம். வீட்டில் மிளகு இருக்கிறதா என்று அக்காவிடம் இதுவரை இரண்டு தடவை கேட்டுவிட்டார்.