தலகாணில ஆரம்பிச்சு கொசுவலைக்கு வந்தேன்

முதல்ல எடுத்தது தலகாணிதான். கரூர்ல இருக்கோம், திரும்புன பக்கமெல்லாம் தறியும் தையலும், பெட்ஷீட் துண்டுன்னு வெளிநாட்டுக்கே அனுப்புற ஊரு, இங்க இருந்துகிட்டு ஆன்லைன்ல வேற எத விக்கிறதுன்னு ஒரு நெனப்பு. தலகாணி ஒண்ணு ஒரு கிலோ கூட வராது. ஆனா கொரியர்ல பார்சல அளந்தாங்க, 60 சென்டிமீட்டர் நீளம், 40 அகலம், 15 உயரம், மூணையும் பெருக்கி 5000-ஆல வகுத்தா 7.2, அப்ப 7.2 கிலோவுக்கு காசு கட்டுங்கன்னாங்க. வண்டில அடைக்கிற எடத்துக்கும் காசுன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

அடுத்து பெட்ஷீட். நல்லாவே வித்துச்சு, ஆனா பூரா கேஷ் ஆன் டெலிவரி. போன்ல பாத்த கலர் வேற வந்த கலர் வேறன்னு திருப்பி விடுவாங்க, சிலர் டெலிவரி அன்னைக்கு போனையே எடுக்க மாட்டாங்க, போற கொரியர் காசும் திரும்பி வர்ற காசும் நம்ம தலையில. நோட்டுல எழுதிப் பாத்தா அஞ்சு பெட்ஷீட் லாபத்த ஒரு ரிட்டர்ன் தின்னிருக்கு. விக்கிறது வேற கையில நிக்கிறது வேறங்க.

அப்பறம் குழந்த தூங்குனப்பறம் தினமும் உக்காந்து பெரிய சைட்டுகள்ல ஒரு ஸ்டார், ரெண்டு ஸ்டார் ரிவ்யூவா தேடித் தேடிப் படிச்சேன், ரெண்டு வாரம். கூகுள் ட்ரெண்ட்ஸும் பாத்தேன், அதுல எந்த மாசம் எத அதிகமா தேடுறாங்கன்னு தெரியும், ஆனா வாங்குனவங்களுக்கு எங்க கொற இருக்குன்னு ரிவ்யூலதான் தெரியும். கொசுவலைக்குக் கீழ திரும்பத் திரும்ப ஒரே புலம்பல், ஜன்னலுக்கு பத்தல, கட்டிலுக்கு எட்டல, ஓரத்துல சந்து விடுதுன்னு. எல்லாரும் ரெடிமேட் சைஸ்தான் போடுறாங்க, ஜன்னல் வீட்டுக்கு வீடு ஒரு அளவு. கொசுவலையே எங்க ஊர்ல தயாராகுது, இத்தன வருசம் அந்தக் கடைகளத் தாண்டித்தான் தெனம் போயிருக்கேன்!

உடனே ரோல் ரோலா வாங்கி அடுக்கல. பத்து மீட்டர் மட்டும் வாங்கி, அளவு சொன்னா தைச்சுத் தர்றோம்னு வாட்ஸப்ல போட்டேன், பக்கத்து வீட்டு அக்கா தைச்சுக் குடுத்தாங்க. மடிச்சா சின்ன கவர்ல அடங்கிருது, கொரியர் செலவு கம்மி. அவங்கவங்க அளவுக்குத் தைக்கிறதால முன்பணம் கேட்டா யாரும் மொகம் சுளிக்கல, அதுலயே ரிட்டர்ன் தொல்ல பாதி போச்சு. ஒருத்தங்க ஜன்னலோட உள்பக்கத்த அளந்து அனுப்பிட்டாங்க, ஃப்ரேம் மேல வெல்க்ரோ ஒட்ட எடமே இல்லாம வலை சின்னதாப் போச்சு, சும்மாவே திரும்பத் தைச்சுக் குடுத்தேன். அதுலருந்து டேப்ப வெச்சு அளக்குற போட்டோ வந்தாத்தான் துணியில கத்திரி வெப்பேன்.

பெங்களூர்லருந்து ஆர்டர் வந்தப்ப ஜிஎஸ்டி எடுத்தேன், பொருள் வெளி மாநிலத்துக்குப் போகணும்னா சின்ன வியாபாரமா இருந்தாலும் அது வேணும்.

இப்ப ஆவணி பொறந்ததும் துணி சேத்து வெச்சிருவேன், ஐப்பசி மழை புடிச்சா அக்காவுக்கும் எனக்கும் சாப்பிட நேரம் இருக்காது. போன வாரம் ஒருத்தர் பால்கனிக்கு புறா வலை கேட்டாரு. அது நேர்ல போயி ஏணி போட்டு மாட்டுற வேலை, நாங்க செய்யறதில்லீங்கன்னு சொல்லிட்டேன்.