பதினான்காம் மாடியில் ஓர் அட்டை

அக்கா தம் அலுவலக மேசைக்கு மேலே, குளிர்காற்று இறங்கும் கூரைத்துளையில் ஒட்டியிருந்த மைலோ பெட்டி அட்டையை நான் கழற்றியது முறைதான் என்று இன்றும் சொல்வேன். அட்டையின் அடிப்புறம் வியர்த்து, ஒட்டுநாடாவின் ஓரத்தில் நீர் முத்து முத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் கூரைப்பலகை பூஞ்சை பிடித்திருக்கும். மேலும், ஒரு துளையை அடைத்தால் அந்தக் காற்று பக்கத்து மேசைக்காரர் தலையில்தான் இறங்கும். இவற்றையெல்லாம் விளக்கியபோது அக்கா மறுத்துப் பேசவில்லை. மாலையில் எங்கள் ஊரான ரவாங்கில் கொமுட்டர் ரயிலை விட்டு இறங்கியபோதுதான் கேட்டார்:

"ஏன் தம்பி, அந்தக் குளிரு யாருக்கு?"

"சுவெட்டர் போட்டுக்குங்க அக்கா" என்றேன்.

விடை எனக்குத் தெரியாமல் இல்லை. அந்த மாடியின் தெர்மோஸ்டாட் மேற்குக் கண்ணாடியை ஒட்டிய மேலாளர் அறையில் இருக்கிறது. பிற்பகல் வெயில் கண்ணாடியில் விழுந்ததும் அது சூட்டை உணர்ந்து காற்றைக் கூடுதலாகத் திறந்துவிடும். அதே குழாயில்தான் வெயிலே படாத உள்வரிசையும் இருக்கிறது. உள்வரிசையில் 21 பாகை, மேலாளர் அறையில் 27 என்றால் கணினித் திரையில் சராசரி 24. கட்டடங்களுக்கான மலேசியத் தரநிலை எம்.எஸ். 1525 கேட்பது 24 முதல் 26 வரை என்பதால் அறிக்கையில் குறை எதுவும் இராது.

அந்தக் காற்றைக் குளிர்விக்கும் குளிர்நீரின் வெப்பத்தைச் சற்று உயர்த்தினால் மின்சாரமும் மிச்சமாகும் என்பார்கள். ஆனால் நம் நாட்டு ஈரக் காற்றிலிருந்து நீரைப் பிழிந்தெடுக்கக் குளிர்நீர் ஏறக்குறைய 7 பாகையில் ஓடியாக வேண்டும், இல்லையேல் அறையே பிசுபிசுக்கும். இந்த நியாயம் சரியானது. ஆனால் அக்கா கேட்டதற்கு இது பதிலல்ல.

அலுவலக வெப்பநிலைக் கணக்கில் மனித உடல் வெளிவிடும் வெப்பத்துக்கான எண் நாற்பது வயது, எழுபது கிலோ ஆணை வைத்துப் போடப்பட்டது என்றும், பெண்களுக்கு அது மிகை என்றும் நெதர்லாந்து ஆய்வாளர் இருவர் 2015இல் எழுதியதைப் பிறகு படித்தேன். அதே கணக்கில் உடுப்புக்கும் ஓர் எண் உண்டு. ஆகவே சுவெட்டரும் அறிவியல்தானே என்று சிறிது நேரம் சமாதானம் கொண்டேன். அது நிலைக்கவில்லை.

1894இல் சுரங்க முதலாளிகளான லோக் யூவும் தம்புசாமிப் பிள்ளையும் மின்னாக்கியை இறக்கிய ஊர் என்று ரவாங்கில் பெருமை பேசுவோம். அந்த மின்சாரம் யாருக்கு என்று அன்று கேட்டிருந்தால் விடை சுலபம்: ஈயச் சுரங்கத்துக்கு.

தெர்மோஸ்டாட்டை உள்வரிசைக்கு நகர்த்தினால் மேலாளருக்குப் புழுங்கும். சன்னல் திரையை இறக்கினால் மலை தெரியாது என்கிறார். 2025 ஜனவரியில் நடப்புக்கு வந்த எரிசக்திச் சட்டம் பெரிய அலுவலகக் கட்டடங்களின் மின்செலவைச் சதுர மீட்டர் கணக்கில் கேட்கிறது. அதைக் காரணம் காட்டித்தான் நகர்த்த அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன். குளிரில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றி அந்தக் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. இருந்திருந்தால் கடிதம் மேலே போயிருக்காது என்பது என் கணிப்பு. அது சரியான கணிப்பா, அல்லது எனக்கு வசதியான கணிப்பா என்பதில்தான் தெளிவில்லை. அனுமதி இன்னும் வரவில்லை, அக்காவிடமும் நான் இதைச் சொல்லவில்லை.