போகவர 185

மே 3, சனி
காட்பாடியில் கிளம்பும்போது எலக்ட்ரிக் காரின் பேட்டரி 100 சதவீதம். இன்னும் 214 கி.மீ. ஓடும் என்கிறது திரை. ஏலகிரி மலைமேல் மாமனார் வீடு இருக்கும் அத்தனாவூருக்குப் போகவர 185 சொச்சம். மலையடிவாரத்தில், பொன்னேரி கூட்டுரோட்டில் 63 சதவீதம் இருந்தது. 14 கொண்டை ஊசி வளைவும் ஏறி வாசலில் நிறுத்தும்போது 47. திரை 68 கி.மீ. என்கிறது. வீட்டுக்குத் திரும்ப 92 வேண்டும்.

பிரசவத்துக்கு அங்கே வந்திருக்கும் மனைவிக்குக் கால் வீக்கம் கூடியிருக்கிறது. அவளிடம் 68 என்று சொல்லவில்லை.

மே 4, ஞாயிறு
மாமா வீட்டு 15 ஆம்பியர் சாக்கெட்டில் செருகினால் சார்ஜரில் சிவப்பு விளக்கு. எலக்ட்ரீஷியன் வந்து எர்த் குழியைத் திறந்தார். உள்ளே மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஈரம் போனால் எர்த் பிடிக்காது, எர்த் இல்லாமல் சார்ஜர் மின்சாரத்தை விடாது. உப்பும் கரித்தூளும் போட்டு மாமா குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் பச்சை எரிந்தது. மணிக்குப் பத்து சதவீதம் ஏறும், கரண்ட் போகாமல் இருந்தால்.

“தினமும் ஊத்திடறேன் மாப்பிள்ளை” என்றார்.

அக்னி நட்சத்திரம் இன்றுதான் ஆரம்பம்.

மே 6, செவ்வாய்
ராத்திரி இரண்டு மணிக்கு போன் வந்தால்? மேலே போய் அவளை ஏற்றிக்கொண்டு உடனே இறங்க வேண்டும். சார்ஜ் போட நேரமிருக்காது. 47ல் ஊர் வந்து சேருமா? இதே யோசனைதான்.

கார் காட்டும் கிலோமீட்டர், சற்று முன்பு ஓடியதை வைத்துப் போடும் கணக்கு. மலையேறும்போது கிலோமீட்டருக்கு 300 வாட் மணிக்கு மேல் இழுக்கிறது, சமதளத்தில் 130தான். ஏறி முடித்த கையோடு பார்த்தால் உலகமே மலை என்று நினைத்துக்கொண்டு 68 சொல்லும். முன்னால் இறக்கம் இருப்பது அதற்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அப்படியானால் நான்தான் கணக்குப் போட வேண்டும்.

பேட்டரி 30 கிலோவாட் மணி. அதில் 47 சதவீதம் என்றால் 14. இறக்கம் போக மிச்சமுள்ள 78 கி.மீ.க்கு 10 போதும். நான்கு மிச்சம். தாளில் சரியாக வருகிறது. அவளை உட்கார வைத்துக்கொண்டு தாளை நம்பிப் போக மனசு வரவில்லை. ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.

மே 7
போன் இல்லை. 100.

மே 9, வெள்ளி
சதவீதமும் அளந்து சொல்வதல்ல. உள்ளே போன மின்சாரம், வெளியே வந்த மின்சாரம், செல்களின் வோல்ட்டேஜ் எல்லாம் வைத்துப் போடும் மதிப்பீடு. கடைசிப் பத்து சதவீதத்தை நான் கணக்கிலேயே சேர்க்கப் போவதில்லை.

மே 11, ஞாயிறு
போய்விட்டு சார்ஜ் போடாமலே திரும்பினேன். மேலே 47, அதே எண். பிரேக்கைத் தொடாமல், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து எடுத்தே இறங்கினேன்; அப்படி இறங்கினால் சக்கரம் மோட்டாரைச் சுற்றி, மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும். பொன்னேரி வந்தபோது 50! திரையில் 68 போய் 110. சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

வாணியம்பாடி தாண்டி ஹைவேயில் 80ஐத் தாண்டவில்லை. 100ல் போனால் காற்றின் தடை ஒன்றரை மடங்குக்கு மேல். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள், அடிக்கட்டும். வீட்டில் 18.

ராத்திரி என்றால் ஏசியும் குறைவாக இழுக்கும். வரட்டும் போன்.

மே 14
டாக்டர் ஸ்கேன் பார்த்துவிட்டு, இனி மலைமேல் வேண்டாம், கீழே வந்துவிடச் சொல்லிவிட்டார். அத்தைக்கு முகம் வாடிவிட்டதாம்.

மே 17, சனி
கூட்டி வந்தாயிற்று. மேலே 90க்கு மேல் சார்ஜ் ஏற விடவில்லை. பேட்டரி நிறைந்திருந்தால் இறக்கத்தில் வரும் மின்சாரத்தை வாங்க இடமிருக்காது, அப்புறம் பிரேக் போட்டுப் போட்டு இறங்க வேண்டும், அவளுக்குக் குலுங்கும். வளைவுக்கு வளைவு “எவ்வளவு காட்டுதுங்க?” என்று கேட்டுக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு தடவையும் உள்ளதைச் சொன்னேன். ஆம்பூரில் தூங்கிவிட்டாள்.

மே 18
ஆஸ்பத்திரி பக்கம்தான். ஆனால் பாலாற்றுப் பாலம் காலை எட்டரைக்கு எப்படி இருக்கும்? நாளை அதே நேரத்தில் போய்ப் பார்க்க வேண்டும். இந்த வெயிலில் நின்ற இடத்தில் நின்றாலும் ஏசி மட்டும் மணிக்கு நான்கு சதவீதம் தின்றுவிடும்.

40க்குக் கீழே வண்டியை விடுவதில்லை. அவளிடமும் சொல்லிவிட்டேன்.