சாய்த்துப் பார்த்தால் தெரியும் கோடு

படம் அச்சிட்ட சேகரிப்பு அட்டைகளின் ஏலத்தை நடத்தும் வேலைக்கு வந்த புதிதில், விதிமுறை என்றாலே பணம் சம்பந்தப்பட்டது என்று நினைத்திருந்தேன். ஆரம்ப விலை, ஒவ்வொரு முறையும் ஏற்ற வேண்டிய குறைந்தபட்சத் தொகை, எத்தனை நாளுக்குள் பணம் கட்டுவது, அஞ்சல் செலவு யார் தலையில் என்பதையெல்லாம் ஒரே மாலையில் எழுதி முடித்துவிட்டேன். அட்டையின் நிலை பற்றி இருந்தது ஒரே வரி: முன்பக்கம், பின்பக்கம் இரண்டு படம் கட்டாயம்.

அந்த வரிதான் என்னைப் படுத்தி எடுத்தது.

பழைய ஹோலோ அட்டை (வெளிச்சத்தில் மினுங்கும் பளபளப்பு அட்டை) ஒன்று ஏலத்துக்கு வந்தது. விற்றவர் இரண்டு படமும் போட்டு, "நல்ல நிலை" என்று எழுதியிருந்தார். போட்டி கடுமையாக இருந்தது. வாங்கியவர் கைக்குப் போன மறுநாளே புகார் வந்தது. அட்டையை எனக்கு அனுப்பச் சொன்னேன். நேராக வைத்துப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. விளக்கடியில் மெல்லச் சாய்த்தபோது, இடது மேல் மூலையிலிருந்து முடியளவு ஒரு கோடு மின்னி மறைந்தது. எப்போதோ மடங்கிய அட்டை. பி.எஸ்.ஏ. போன்ற தரநிர்ணய நிறுவனங்களின் 1 முதல் 10 வரையிலான அளவில், மற்றபடி கச்சிதமான அட்டையைக்கூட இப்படி ஒரு மடிப்பு வெகுவாகக் கீழே இறக்கிவிடும்.

"நான் வாங்கினப்பவே இப்படித்தான் சார் இருந்திருக்கணும். சாய்ச்சுப் பார்க்கணும்னு எனக்குத் தோணவே இல்லை" என்றார் விற்றவர். அவரை நம்பினேன். விதி கேட்டதை அவர் கொடுத்துவிட்டார். கேட்கத் தெரியாதவன் நான். பணம் திரும்பியது, அட்டை திரும்பியது, இரண்டு பக்க அஞ்சல் செலவு அவர் கையைக் கடித்தது. அந்தத் தீர்ப்பு இன்னமும் எனக்கு உறுத்தல்.

அதன் பிறகு "நல்ல நிலை", "புதுசு மாதிரி" போன்ற சொற்களையே தடை செய்தேன். நான்கு மூலை, நான்கு விளிம்பு, வெளிச்சத்தில் சாய்த்து எடுத்த ஒரு படம் ஆகியவை கட்டாயம். சொல்லாத குறை இருந்தால் மூன்று நாளுக்குள் திருப்பலாம். விற்பவர்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் அந்தப் படங்கள் அவர்களுக்கும் காவல்தான். நான்கு பக்க ஓரத்தின் அகலமும் மூலைகளின் தேய்மானமும் அட்டைக்கு அட்டை வேறுபடும். வேறொரு மட்டமான அட்டையைத் திருப்பி அனுப்பி ஏமாற்றப் பார்த்தால் படமே காட்டிக்கொடுக்கும்.

விளிம்பைப் படமெடுக்கச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. டி206 என்ற பழைய அமெரிக்க பேஸ்பால் அட்டை வரிசையில், ஹோனஸ் வாக்னர் என்ற வீரரின் புகழ்பெற்ற அட்டை ஒன்று தரம் 8 பெற்றிருந்தது. புதுசுபோலத் தெரிய அதன் ஓரங்களை வெட்டியது தானே என்று ஏல நிறுவனம் நடத்தியவர் ஒருவர் 2013-ல் வழக்கில் ஒப்புக்கொண்டார். விலையை ஏற்றுவதற்காகப் பொய்யாக ஏலம் கேட்டதையும் அதே வழக்கில் ஒப்புக்கொண்டார்.

ஆள் வைத்து விலை ஏற்றுவதை வெறும் தடையால் நிறுத்த முடியாது. நான் பார்த்தவரை, அதைச் செய்பவர்களில் பலர் பேராசைக்காரர்கள் அல்லர். அட்டை அடிமாட்டு விலைக்குப் போய்விடுமோ என்று பயந்தவர்கள். அந்தப் பயத்துக்கு நேர்வழி ஒன்று வேண்டும். "இதற்குக் கீழே தரமாட்டேன்" என்ற விலையை ஏலம் தொடங்கும்போதே வெளிப்படையாகப் போட அனுமதித்தேன். அதற்கப்புறமும் நண்பர் பெயரில் ஏலம் கேட்டால், விற்பவருக்கும் நண்பருக்கும் இடமில்லை.

ஏலம் எப்போது முடிவது என்ற கேள்வி எளிதில் தீர்ந்தது. பொருளியலாளர்கள் ஆல்வின் ராத்தும் ஆக்ஸல் ஒக்கன்ஃபெல்ஸும் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், குறித்த நொடியில் முடியும் ஈபே ஏலங்களில்தான் கடைசி நேரத்தில் பாய்ந்து ஏலம் கேட்பது அதிகம். யாராவது கேட்டால் நேரம் நீளும் அமேசான் ஏலங்களில் குறைவு. நானும் கடைசி ஐந்து நிமிடத்தில் யார் கேட்டாலும் ஐந்து நிமிடம் நீள வைத்தேன். வேகமான இணைப்பு வைத்திருப்பவருக்கு என்று தனிச் சலுகை இருக்கக் கூடாது.

சில மாதம் கழித்து அந்த ஹோலோ அட்டை மறுபடி ஏலத்துக்கு வந்தது. விற்றவர் அவரேதான். முதல் படமே சாய்த்து எடுத்தது; கோட்டின் மேல் சிவப்பு அம்புக்குறி. முன்பைவிடக் குறைவான விலைக்குத்தான் போனது. அட்டை கிடைத்ததும் வாங்கியவர் ஒரு வரி எழுதினார்: "படத்துல பார்த்த அதே கோடு, பத்திரமா வந்து சேர்ந்தது."