பெல் அடிக்கும் நேரம்

ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் பெஞ்சில் உட்காரப் போனான். பக்கத்தில் இருந்தவன் விளையாட்டாகப் பென்சிலை நிமிர்த்திப் பிடித்திருந்தான். தொடையில் குத்தி முனை உள்ளேயே ஒடிந்துவிட்டது. "ஈயம் உள்ளே போயிடுச்சு டீச்சர், விஷம் ஏறிடும்!" என்று வகுப்பே அலறியது. பென்சிலில் ஈயமே கிடையாது, கிராஃபைட்டும் களிமண்ணும்தான். அதைச் சொல்லியும் அவன் அழுகை ஓயவில்லை. முனையைத் தோண்டி எடுக்கக் கை பரபரத்தது. தொடாமல், மேலே துணியை வைத்து மருத்துவரிடம் அனுப்பினோம்.

மறுநாள் 'பாதுகாப்புப் பொறுப்பு' என் தலையில் விழுந்தது. எடுத்த எடுப்பில் நான் செய்தது அசட்டுத்தனம். காம்பஸ், டிவைடர் எல்லாவற்றையும் வாங்கி அலமாரியில் பூட்டினேன். இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. ஷார்ப்பனரின் திருகைக் கழற்றி, பிளேடைத் தனியே எடுத்து ஒருத்தி அட்டை வெட்டிக்கொண்டிருந்தாள். காம்பஸே தேவலை என்றாகிவிட்டது.

அப்புறம்தான் முதலுதவிப் பதிவேட்டைப் புரட்டத் தோன்றியது. காயம், மருந்து, நேரம் என்று மூன்று கட்டம். நேரத்தை யாரும் பார்த்ததேயில்லை போலிருக்கிறது. வட்டம் போடும்போது காம்பஸ் யாரையும் குத்தியிருக்கவில்லை. பெல் அடித்ததும் அதைக் கையில் வைத்தபடியே எழுந்து ஓடுகிறார்களே, அப்போதுதான் குத்தியிருக்கிறது. கதவில் விரல் நசுங்கியதும் அந்த நெரிசலில்தான், அதுவும் பெரும்பாலும் கீல் பக்கம். கதவு திறந்திருக்கும்போது அங்கே விரல் நுழையும் அளவுக்கு இடுக்கு இருக்கும், சாத்தினால் இருக்காது. கைப்பிடிப் பக்கத்தையே பார்த்துப் பழகிய எனக்கு அது அதுவரை உறைக்கவில்லை.

பூட்டியதைத் திருப்பிக் கொடுத்தேன். பெல்லுக்கு இரண்டு நிமிடம் முன்பே ஜியாமெட்ரி பாக்ஸை மூட வேண்டும் என்று ஏற்பாடு. "பாடம் முடியலையே" என்று சக ஆசிரியர்கள் முணுமுணுத்தார்கள், நியாயம்தான். கீல் இடுக்குகளை மறைக்க ரப்பர் பட்டை கேட்டு மூன்று முறை எழுதிக் கொடுத்த பிறகு வந்தது. கத்தரிக்கோலை மூடி, அலகுப் பக்கத்தை உள்ளங்கையில் அடக்கி, பிடியை அடுத்தவரிடம் நீட்டுவதை மட்டும் ஒரு பீரியட் முழுக்கச் செய்தோம்.

பேனா மூடியில் ஏன் ஓட்டை என்று அன்று ஒருவன் கேட்டான். தொண்டையில் சிக்கினாலும் கொஞ்சம் காற்று போகட்டும் என்றுதான் என்றேன். அதன் பிறகு வகுப்பில் மூடி கடிப்பது குறைந்தது; எதிர்பார்க்கவே இல்லை. பொத்தான் பேட்டரியை யாராவது விழுங்கிவிட்டால் அடிக்குப் பயந்து மறைக்காதீர்கள், அது இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும் என்றும் அப்போதே சொல்லிவைத்தேன்.

தொடையில் குத்துப்பட்டவன் இப்போது ஏழாம் வகுப்பு. உட்காரும் முன் பெஞ்சை இன்னமும் ஒரு தடவை கையால் தடவிப் பார்க்கிறான்.